திருநர் மனநல ஆதரவு: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வாழும் திருநங்கைகள், திருநம்பிகள் (பெண் எனப் பதியப்பட்டு ஆணாக உணர்பவர்கள்; இருவரையும் சேர்த்துத் திருநர் என்கிறோம்), அவர்களோடு ஒரே கூரையின் கீழ் இருக்கும் குடும்பத்தார் ஆகியோர் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இந்த நேரத்தில் இருந்தால் மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். பிபிரெண்டர்ஸ் என்ற தொலைபேசி உதவி அமைப்போடு 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் அவசர எண் 999.

திருநராக இருப்பது மனநோயா?

இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் 11-ஆம் பதிப்பு 2019-இல் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் மனநோய் அத்தியாயத்திலிருந்து இதை எடுத்துவிட்டார்கள். பாலியல் நலம் சார்ந்த அத்தியாயத்தில் 'பாலினப் பொருந்தாமை' என்ற பெயரில் வைத்திருக்கிறார்கள். ஹார்மோன் போன்ற சிகிச்சை தேவைப்படுபவரின் கோப்பில் எழுத ஒரு குறியீடு வேண்டும் என்பதற்காகத்தான் அதை அடியோடு நீக்கவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013-இலேயே 'பாலின அடையாளக் கோளாறு' என்ற பெயரைக் கைவிட்டது. உடலுக்கும் உணரும் பாலினத்துக்கும் இடையிலுள்ள பொருத்தமின்மையால் வரும் வேதனையை மட்டும் அது குறித்துக்கொண்டது. அந்த வேதனை எல்லாத் திருநருக்கும் இருக்க வேண்டும் என்றில்லை.

"தஞ்சோங் ரம்புத்தான்ல கொண்டுபோய் விட்டுடுவேன்" என்று வீட்டில் மிரட்டுவது நம் வட்டாரத்தில் சர்வசாதாரணம். 1911-இல் தொடங்கிய அங்குள்ள மனநல மருத்துவமனை பக்கத்திலேயே இருப்பதால் மிரட்டலுக்கு இன்னும் வலு கூடுகிறது. ஆனால் 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, ஒருவரை அவர் விருப்பமில்லாமல் சேர்க்க வேண்டுமானால் உறவினர் கேட்டால் மட்டும் போதாது. அவருக்கு மனநோய் இருக்கிறது, மருத்துவமனையில் வைப்பது அவசியம் என்று மருத்துவர் பரிந்துரைக்க வேண்டும். பிள்ளை சேலை கட்டுகிறான், முடியை வெட்டிக்கொள்கிறாள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

அப்படியென்றால் இத்தனை பேருக்கு மனச்சோர்வு ஏன் வருகிறது?

பாலினம் ஆளைச் சாய்ப்பதில்லை. அதைச் சுற்றி நடப்பவைதான் சாய்க்கின்றன. இலான் மேயர் என்ற ஆய்வாளர் 2003-இல் வகுத்த 'சிறுபான்மையர் மன அழுத்தம்' என்ற விளக்கம் இதைப் படிப்படியாகக் காட்டுகிறது. முதலில் வெளியே நடக்கும் அவமதிப்பு, வேலை மறுப்பு, அடி. அடுத்து, அது எப்போது திரும்ப நடக்குமோ என்ற காவல். பிறகு தன்னை மறைத்துக்கொள்ளும் ஓயாத உழைப்பு. கடைசியில் ஊர் சொன்னதை மனமே ஒப்புக்கொண்டு, 'நான் இப்படிப் பிறந்ததே பாவம்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வது.

கிளினிக் கவுன்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பாவாடை சட்டை போட்ட ஒருவர் ஐசியை (அடையாள அட்டையை) நீட்டுகிறார். 12 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். கவுன்டரில் இருப்பவர் எண்ணைப் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கிறார், மறுபடி எண்ணைப் பார்க்கிறார். பிறகு ஆண்பெயரை உரக்கக் கூப்பிடுகிறார். நாற்காலிகளில் இருக்கும் தலைகள் எல்லாம் திரும்புகின்றன. அடுத்த முறை காய்ச்சல் வந்தால் அவர் இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே படுத்துவிடுவார். இதில் பாதியையாவது தடுக்க ஒரு வழி இருக்கிறது. பதியும்போதே மெல்லிய குரலில், "பெயரைக் கூப்பிடாமல் நம்பரைக் கூப்பிடுங்கள்" என்று கேட்பது. பெரும்பாலான கவுன்டர்களில் ஒத்துக்கொள்வார்கள்.

கோலாலம்பூரில் ஒருவர் முகம் தெரியாத ஆளாக இருந்துவிடலாம். தோட்டத்தில் அது நடக்காது. பிறந்த நாளிலிருந்து எல்லாருக்கும் தெரிந்த பிள்ளை, லயத்தின் (தோட்டத்து வரிசை வீடுகளின்) ஒரு கோடியில் தும்மினால் மறுகோடியில் கேட்கிறது. நகரத்துக்காக எழுதப்பட்ட அறிவுரைகள் பல இங்கே எடுபடாமல் போவதற்கு இதுதான் காரணம்.

ஆதரவு ஆலோசனை என்றால் 'நீ பொண்ணுதான்' என்று முத்திரை குத்துவதா?

பெற்றோர் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ஆலோசகர் யாருடைய பாலினத்தையும் முடிவு செய்வதில்லை, ஒரு பக்கம் தள்ளுவதுமில்லை. வந்தவர் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்பித் தொடங்குகிறார். இன்று ஒன்று சொல்லி, ஆறு மாதம் கழித்து வேறு மாதிரி சொன்னாலும் அதற்கும் அந்த அறையில் இடம் உண்டு. ஆலோசகர் பிடித்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இவர் வாழ்க்கையில் எது வலிக்கிறது, அதில் எதை மாற்ற முடியும்?

முதல் சந்திப்பு வழக்கமாக ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை. பிறகு 45 முதல் 60 நிமிடம். முதலில் கேட்பது என்ன பெயரில் கூப்பிடலாம், வீட்டுக்குப் போன் செய்தால் எந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது. இரண்டும் வேறாக இருக்கலாம். அதைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். இதில் கோட்டைவிட்டால் அம்மா எடுத்த போனில் "கவிதா இருக்காங்களா?" என்று கேட்டு எல்லாம் வெளிவந்துவிடும்.

அடுத்தது மனச்சோர்வைக் கணிப்பது. பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்வித்தாளில், கடந்த இரண்டு வாரத்தில் என்னென்ன இருந்தது என்று கேட்டு 0 முதல் 27 வரை மதிப்பெண் போடுவார்கள். 10-ஐத் தொட்டால் கவனித்துப் பார்க்க வேண்டும். 20-உம் அதற்கு மேலும் கடுமையானது. திருநரிடம் வெறும் கூட்டுத்தொகையைப் பார்த்தால் போதாது. பசி குறைவு என்று ஒரு திருநம்பி குறித்திருந்தால் அது சோர்வாகவும் இருக்கலாம், மாதவிடாய் நிற்கட்டும், இடுப்பு பெருக்காமல் இருக்கட்டும் என்று வேண்டுமென்றே பட்டினி கிடப்பதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு. ஒன்பதாவது கேள்வி உயிரைப் பற்றியது. அதில் பூஜ்யத்தைத் தவிர வேறு எது வந்தாலும், மொத்தம் குறைவாக இருந்தாலும், அன்றே பேச வேண்டும்.

பிறகுதான் உண்மையான வேலை. பொதுவான ஆலோசனையில் ஒருவர், "எல்லாரும் என்னையே பார்த்துச் சிரிக்கிறாங்க" என்றால், அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டு அந்த எண்ணத்தை அசைத்துப் பார்ப்பார்கள். ஒரு திருநங்கையிடம் அதே கேள்வியைக் கேட்டால் எல்லாம் அங்கேயே உடைந்துவிடும். ஆதாரம் அவரிடம் இருக்கிறது. நேற்று பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) நடந்தது. அதனால் முதலில் மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டு, உண்மையில் நடந்தது, நடக்குமோ என்று பயப்படுவது, ஊர் பேச்சை நம்பி நானே எனக்குச் சொல்லிக்கொள்வது என்று வாரத்துக்கு நான்கைந்து சம்பவங்களை எழுதச் சொல்வார்கள். நடந்ததற்குத் தேவை பாதுகாப்பு: எந்த வழியில் போவது, யாரோடு போவது, புகார் செய்வதா வேண்டாமா. பயத்துக்குத் தேவை சின்னச் சின்னப் பரிசோதனை: முதல் வாரம் தோழியோடு பத்து நிமிடம் கடைக்கு, மூன்றாம் வாரம் தனியே கூட்டமில்லாத நேரத்தில். எண்ணத்தை அசைத்துப் பார்க்கும் வேலை மூன்றாவது கட்டத்துக்குத்தான் பொருந்தும். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் எடுத்த எடுப்பிலேயே 'நல்லதையே நினை' என்று தொடங்கும் ஆலோசனை அதிக நாள் ஓடாது.

ஆலோசகரை எங்கே தேடுவது? எவ்வளவு செலவு?

மிகக் குறைந்த செலவு அரசாங்கக் கிளினிக். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). அங்குள்ள டாக்டரிடம், "தூக்கமில்லை, மனசு சரியில்லை" என்று மட்டும் சொன்னாலே போதும். பாலினத்தைப் பற்றி அந்த அறையில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் கடிதம் கொடுத்தால் ஈப்போ பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். சிறப்பு மருத்துவர் கட்டணம் 5 வெள்ளி. ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர். தெரிந்த முகம் இல்லாத இடம் வேண்டும் என்பவர்களுக்கு அந்தத் தூரமே ஒரு வசதி. சுகாதார அமைச்சின் மெந்தாரி சமூக மனநல மையங்களைப் பற்றியும் அதே டாக்டரிடம் கேளுங்கள். அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை 15555.

தனியார் ஆலோசகர் என்றால், 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின் கீழ் பதிவு செய்தவரா என்று பாருங்கள். பதிவு எண்ணும் காலாவதியாகாத நடைமுறைச் சான்றும் அவரிடம் இருக்க வேண்டும். கேட்டால் காட்டுவார், காட்டத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். 'லைஃப் கோச்', 'ஹீலர்' என்று அட்டை வைத்திருப்பவர்களை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது.

முன்பதிவு செய்யுமுன் போனில் மூன்று கேள்வி போதும். திருநரோடு வேலை செய்திருக்கிறீர்களா? பாலினத்தை மாற்ற முயற்சி செய்வீர்களா, அல்லது மன அழுத்தத்துக்கு உதவுவீர்களா? நான் சொல்வதைக் குடும்பத்தாரிடம் சொல்வீர்களா? இரண்டாவதற்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். "எல்லாத்தையும் பேசிப் பார்ப்போம், உங்களுக்கே தெளிவு வரும்" என்று மழுப்பினால் அது பெரும்பாலும் மாற்ற முயற்சிதான். அனுபவமே இல்லை, ஆனால் படித்துத் தெரிந்துகொள்கிறேன் என்று ஒருவர் நேர்மையாகச் சொன்னால், மழுப்புபவரைவிட அவர் மேல்.

தமிழ் பேசும் ஆலோசகர் வேண்டும் என்று எல்லாரும் விரும்புவார்கள், நியாயம்தான். ஆனால் அவர் உங்கள் மாமாவோடு ஒரே கோயில் குழுவில் இருக்கலாம். மலாய் நன்றாக வந்தால், வெளியூர் ஆலோசகரிடம் மலாயில் பேசுவது சிலருக்கு இன்னும் சுலபம். வேதனையான விஷயத்தை வேறு மொழியில் சொல்லும்போது கூச்சம் குறையும். அதே காரணத்தால் அழுகையும் வெளியே வராமல் போகலாம்.

நான் சொல்வது வெளியே போகாதா?

பதிவு பெற்ற ஆலோசகர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். விதிவிலக்குகள் சில உண்டு: உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து, நீதிமன்ற உத்தரவு, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் துன்புறுத்தப்படுவது. திருநராக இருப்பது இந்தப் பட்டியலில் இல்லை. சிறிய ஊரில் இரகசியம் கசிவது பெரும்பாலும் ஆலோசகரிடமிருந்து இல்லை, காத்திருக்கும் பெஞ்சிலிருந்துதான். "மதிய நேரத்துக்குக் கடைசி அப்பாயின்ட்மென்ட் கொடுங்கள்" என்று கேட்பது பலன் தரும்.

தவறான ஆலோசனையை எப்படி அடையாளம் காண்பது?

முதல் நாளிலேயே ஆபரேஷன் ஆகிவிட்டதா என்று கேட்பவர். பல்வலிக்கு வந்தாலும், காதல் தோல்விக்கு வந்தாலும் காரணம் பாலினம்தான் என்று முடிச்சுப் போடுபவர். சிறுவயதில் யாரோ தொட்டதால்தான் இப்படி ஆனது என்று தோண்டிக்கொண்டே இருப்பவர். துன்புறுத்தல் நடந்திருந்தால் அதற்கு முழுக் கவனமும் சிகிச்சையும் வேண்டும். ஆனால் அதை ஆற்றினால் பாலினம் மாறிவிடும் என்று எதிர்பார்த்து ஆற்றுவது இரண்டையும் கெடுக்கும். இன்னொரு வகை, எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவர். பார்க்க இதமாக இருக்கும். மூன்று மாதமாக ஹார்மோன் மாத்திரையை நானே வாங்கிப் போடுகிறேன் என்று சொன்னாலும், "உங்கள் விருப்பம்" என்று விட்டுவிடுவார். அது ஆதரவு ஆகாது.

பூசாரி, போமோ (மலாய் மந்திரவாதி), சாமியாடி... இவர்களிடம் காட்டினால் சரியாகிவிடும் என்கிறார்களே?

பாலினத்தை மாற்றும் முயற்சி எந்த உடுப்பில் வந்தாலும், மந்திரிப்பாக இருந்தாலும், கோட்டு போட்டவரின் 'சிகிச்சை'யாக இருந்தாலும், பலன் தந்ததற்குச் சான்று இல்லை. தீங்கு செய்வதற்குச் சான்று நிறைய. ஐ.நா.வின் தனி வல்லுநர் 2020-இல் இதை உலகம் முழுக்கத் தடைசெய்யச் சொன்னார். 2021-இல் சென்னை உயர்நீதிமன்றம் மருத்துவத்தால் பாலினத்தை 'குணப்படுத்த' முயல்வதற்கு எதிராக உத்தரவிட்டது. அது நம் நாட்டுச் சட்டம் ஆகாது, ஆனாலும் தமிழ்நாட்டுத் தீர்ப்பு என்று சொன்னால் நம் வீடுகளில் ஒரு காது கேட்கும்.

நடைமுறையில் குடும்பத்தோடு சாமி விஷயத்தில் முட்டிக்கொள்ள வேண்டாம். நேர்த்திக்கடன், அர்ச்சனை, விளக்கு ஆகியவற்றால் யாருக்கும் கெடுதல் இல்லை. அம்மாவின் பதற்றம் கொஞ்சம் அடங்கினால் நல்லதுதான். கோடு எங்கே என்றால்: அடிப்பது, பட்டினி போடுவது, புகை போடுவது, பூட்டிவைப்பது, தெரியாத எதையாவது குடிக்கக் கொடுப்பது. அங்கே "வரமாட்டேன்" என்று சொல்லலாம். கையை வைத்தால் அது போலீஸ் விஷயம். அர்த்தநாரீஸ்வரரைக் காட்டி வாதாடி வீட்டாரை வென்றவர்கள், எங்களுக்குத் தெரிந்து, குறைவு. கோயிலில் மாவிளக்கு போடவும் பூக்கட்டவும் கூப்பிட்டபோது முகம் மலர்ந்த திருநங்கைகள் அதைவிட அதிகம்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

முதல் கேள்வி, இப்போது சொல்ல வேண்டுமா என்பது. சொல்லாமல் இருப்பது கோழைத்தனம் ஆகாது. சம்பளம் இல்லை, வேறு படுக்க இடம் இல்லை, அப்பா குடித்தால் கை நீட்டுவார் என்றால், தள்ளிப்போடுவதுதான் சரியான ஆலோசனை.

சொல்வதென்று முடிவெடுத்தால், முன்கூட்டியே நாடி பிடித்துப் பாருங்கள். சாப்பிடும்போது திருநங்கை ஒருவரைப் பற்றிய செய்தியை எடுத்துவிட்டு, யார் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். சிரித்தவர், வைதவர், ஒன்றும் சொல்லாமல் தட்டைப் பார்த்தவர். கடைசி ஆளிடம்தான் முதலில் போக வேண்டும். பெரும்பாலும் அது அக்காவாகவோ அத்தையாகவோ இருக்கும். சித்தியிடம் சொன்னால் மறுநாள் காலை பசியாறும் நேரத்துக்குள் தோட்டம் முழுக்கத் தெரியும் என்றால் சித்தி வேண்டாம்.

நாள் பார்ப்பதும் முக்கியம். தீபாவளி வாரம், கருமாதி, அக்காவுக்குப் பெண் பார்க்க வரும் மாதம் ஆகாது. அந்த நாளின் துக்கமெல்லாம் பிற்பாடு உங்கள் தலையில் வந்து விழும். சொல்ல வேண்டியதை இரண்டு மூன்று வாக்கியத்துக்குள் தயார் செய்யுங்கள்: "அம்மா, நான் சின்ன வயசிலேர்ந்தே என்னைப் பொண்ணாத்தான் உணர்றேன். இது உங்க வளர்ப்புக் குத்தம் இல்ல. நான் எங்கயும் போகல, உங்ககூடத்தான் இருக்கேன்." ஆபரேஷன், கல்யாணம், வாரிசு என்று கேள்விகள் பறக்கும். அன்றிரவே எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டாம். "அதை அப்புறம் பேசலாம்மா" என்பது போதும்.

ஒரு பை தயாராக இருக்கட்டும், தேவைப்படாமல் போனால் சந்தோஷம். ஐசி, பிறப்புப் பத்திரம், எஸ்பிஎம் பள்ளித் தேர்வுச் சான்றிதழ், வங்கி அட்டை, இரண்டு வாரத்துக்கு மருந்து, போன் சார்ஜர், கொஞ்சம் ரொக்கம். மூன்று இரவு தங்க முன்கூட்டியே ஒத்துக்கொண்ட ஒரு வீடு. பத்திரங்கள்தான் மிக முக்கியம். வெளியேற்றப்பட்ட பிறகு அவற்றை வாங்க ஆள் அனுப்பும் கதைகள் நம் வட்டாரத்தில் ஏராளம். அதனால் இவற்றின் படத்தை எடுத்து நம்பிக்கையானவரின் போனிலும் வைத்துவிடுங்கள்.

பெற்றோர் நாங்கள். ஏற்றுக்கொள்ள முடியவில்லை, ஆனால் பிள்ளையை இழக்கவும் முடியாது. என்ன செய்வது?

ஏற்றுக்கொள்ள நாளாகும். அதற்குள் கெடுக்காமல் இருந்தாலே பெரிய உதவி. போனைப் பிடுங்க வேண்டாம், தூக்கத்தில் முடியை வெட்ட வேண்டாம், உறவுகளைக் கூட்டிப் பஞ்சாயத்து வைக்க வேண்டாம், அவசரக் கல்யாணம் வேண்டவே வேண்டாம். அந்தக் கல்யாணத்தில் இரண்டு பேர் வாழ்க்கை போகும். சோறு போடுவதும் படிப்புக்குக் கட்டுவதும் நிற்கக் கூடாது.

வீட்டில் தினமும் இருபது முறை இடிப்பது பெயர்தான், அதைவிட அதிகம் உறவுமுறை. "தம்பி" என்ற ஒரு சொல் காலையிலிருந்து இரவுவரை ஒரு திருநங்கையின் மேல் விழுந்துகொண்டே இருக்கிறது. எடுத்தவுடன் "தங்கச்சி" என்று கூப்பிட வாய் வராது, புரிகிறது. நடுவில் ஒரு திண்ணை இருக்கிறது: "கண்ணு", "பிள்ளை", "சாமி". அதில் கொஞ்ச நாள் உட்காருங்கள். மற்றவரிடம் பேசும்போது "வந்தான்", "வந்தாள்" இரண்டையும் விட்டு "பிள்ளை வந்துச்சு" என்று சொல்லலாம். யாரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள். பிறகு பிள்ளை தேர்ந்தெடுத்த பெயரை வீட்டுக்குள் மட்டும். 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு வீடு, பள்ளி, வேலையிடம், நண்பர்கள் என்ற நான்கு இடங்களை எடுத்துப் பார்த்தது. எத்தனை இடங்களில் அந்தப் பெயர் புழங்கியதோ, அந்த அளவுக்கு இளையோரிடம் மனச்சோர்வும் உயிர் விடும் எண்ணமும் குறைந்திருந்தன.

பெற்றோருக்கும் தனியாக ஆலோசகர் தேவைப்படலாம். பிள்ளையின் சந்திப்பு நேரத்தில் புகுந்து அழ வேண்டாம்.

பள்ளிப் பிள்ளைகள்?

இடைநிலைப்பள்ளிகளில் முழுநேர ஆலோசனை ஆசிரியர் இருப்பார். அவரிடம் போகுமுன், சொல்வது பெற்றோருக்குப் போகுமா என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் செய்யக்கூடியது சின்னது, ஆனால் கனமானது: "ஒன்பது", "பொண்டான்" என்று யாராவது இழிவாகக் கூப்பிட்டால், அந்த இடத்திலேயே நிறுத்துவது. ஆசிரியரே சிரித்துவிட்டால் அந்த வகுப்பில் அதன்பிறகு யார் சொன்னாலும் எடுபடாது. கழிவறைக்குப் போகப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு. பாடம் நடக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் அனுமதித்தால் போதும்.

திருநம்பிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

உண்மைதான். திருநங்கையைத் தெருவில் பார்க்கிறார்கள். திருநம்பி 'ஆம்பளை மாதிரி பொண்ணு' என்ற பெயரில் வீட்டுக்குள்ளேயே மறைந்துபோகிறார். அதனால் வரும் நெருக்கடி பெரும்பாலும் கல்யாணப் பேச்சில்தான் வெடிக்கிறது. படிப்பு, வெளியூர் வேலை ஆகியவற்றைச் சொல்லிக் காலம் வாங்குவதும் ஆலோசனையின் ஒரு பகுதியே.

மார்பை இறுக்கிக் கட்டுவது பற்றி ஒரு வார்த்தை. அதற்கென்று தைத்த உள்ளாடை என்றால் நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், தூங்கும்போது வேண்டவே வேண்டாம். சுளுக்குக்குக் கட்டும் எலாஸ்டிக் துணி மூச்சு விட விட இறுகும். விலா எலும்பைப் பதம் பார்க்கும். செம்பனைக் காட்டு வெயிலில் வேலை செய்பவர்கள், தலைசுற்றினால் வெட்கப்படாமல் கழற்றிவிட வேண்டும். இறுக்கமில்லாத உள்பனியனும் ஒரு சைஸ் பெரிய சட்டையும் வேலை நாளுக்குப் போதும்.

ஹார்மோன் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். மனசு ஏறி இறங்குகிறது. சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். தோழிகள் வழி கைமாறும் மாத்திரைகளில் டயான்-35 அதிகம். அட்டைக்கு 21 மாத்திரை. ஒவ்வொன்றிலும் 35 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடையாலும் (செயற்கைப் பெண் ஹார்மோன்) 2 மில்லிகிராம் சைப்ரோட்டிரோனும் (ஆண் ஹார்மோனைத் தடுப்பது) இருக்கின்றன. சீக்கிரம் பலன் வரட்டும் என்று நாளுக்கு நான்கு போட்டால் பலன் நான்கு மடங்கு ஆகாது. இரத்தம் உறையும் ஆபத்துதான் ஏறும், புகைப்பவருக்கு இன்னும் அதிகம். அதனால்தான் திருநர் நலத்துக்கான உலகத் தொழில்முறையாளர் சங்கத்தின் (WPATH) 2022 வழிகாட்டி எத்தினைல் எஸ்ட்ராடையாலைத் தவிர்க்கச் சொல்கிறது. சைப்ரோட்டிரோன் சிலருக்கு மனச்சோர்வைக் கொண்டுவரும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவை வந்தால் நேராக அவசரப் பிரிவு. என்ன மாத்திரை, எத்தனை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆலோசகரிடமும் சொல்லுங்கள். ஹார்மோன் தொடங்க ஆலோசனைக்கு வந்தே ஆக வேண்டும் என்று அதே வழிகாட்டி கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே சொன்னால் நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து மறைக்க வேண்டியதில்லை. மனச்சோர்வுக்கு டாக்டர் கொடுக்கும் மாத்திரை பாலினத்தை மாற்றாது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், திடீரென நிறுத்தக் கூடாது.

உயிரை விடும் எண்ணம் வந்தால்?

முதலில், சொன்னால் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய குற்றவியல் சட்டப் பிரிவு 309-ஐ நாடாளுமன்றம் 2023-இல் நீக்கியது.

நல்ல நாளில் உட்கார்ந்து எழுதிவைக்கும் ஒரு தாள் உண்டு, பாதுகாப்புத் திட்டம் என்பார்கள். எனக்கு அந்த எண்ணம் வருமுன் தெரியும் அறிகுறி என்ன (தூங்காமல் இரண்டு இரவு, போனை அணைத்துவைப்பது). தனியே செய்து தணிக்கக்கூடியது என்ன. யார் பக்கத்தில் போய் உட்காரலாம், காரணம் சொல்லாமலே. யாரிடம் உண்மையைச் சொல்லி உதவி கேட்கலாம். எந்த மருத்துவமனை, எந்த எண். கடைசியாக, ஆபத்தான பொருள்களை எட்டாத தூரத்தில் வைப்பது. தோட்ட வீடுகளில் இந்தக் கடைசி வரிதான் மற்றதைவிட முக்கியம்: களைக்கொல்லி, பூச்சிமருந்து வீட்டிலோ பின்கட்டிலோ இருக்கக் கூடாது, ஸ்டோரில் பூட்டியிருக்க வேண்டும். மாத்திரைகள் ஒரு வார அளவுக்குமேல் கையில் வேண்டாம். மீதியை அக்காவிடம் கொடுத்துவையுங்கள். அந்த எண்ணத்தின் உச்சம் பெரும்பாலும் நெடுநேரம் நிற்காது. கைக்கு எட்டாமல் இருப்பதே பலரைக் காப்பாற்றுகிறது.

பக்கத்தில் இருப்பவர் நேரடியாகக் கேட்கலாம்: "சாகணும்னு தோணுதா?" கேட்டதால் எண்ணம் புதிதாக வந்துவிடாது.

மூத்த திருநங்கைகளின் வட்டத்தில் சேரலாமா?

அம்மா, மகள் என்று முறை வைத்துச் சேர்த்துக்கொள்ளும் அந்த வட்டம், வீட்டை விட்டு வந்தவருக்குச் சோறும் படுக்கையும் உடனே தரும். எந்த அலுவலகமும் அந்த வேகத்தில் தராது. போகுமுன், செலவை யார் பார்க்கிறார்கள், அது கடனாக எழுதப்படுமா, விரும்பாத தொழிலுக்குக் கூப்பிடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் பிடி அறவாரியம், சீட் அறவாரியம் போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாகத் திருநரோடு வேலை செய்கின்றன.

ஐசியில் மாற்ற முடியுமா? சட்டச் சிக்கல் வருமா?

பாலினப் பதிவை மாற்றுவது மிகக் கடினம். 2005-இலும் 2016-இலும் உயர்நீதிமன்றம் இரண்டு வழக்குகளில் மாற்றச் சொன்னது. இரண்டாவது தீர்ப்பு மேல்முறையீட்டில் ரத்தானது. எனவே ஐசி மாறினால்தான் நிம்மதி என்று மனத்தைக் கட்டிப்போடாமல், ஐசி மாறாமலே எது மாறலாம் என்று ஆலோசனையில் பார்ப்பார்கள். தமிழ் முஸ்லிம் திருநர் மாநில ஷரியா சட்டங்களின் கீழும் வருவார்கள். உடை தொடர்பாகவே வழக்கு வரலாம் என்பதால், வெளியே போகும் திட்டத்தையும் ஆலோசகர் தேர்வையும் அவர்கள் இன்னும் எச்சரிக்கையோடு செய்ய வேண்டும்.

போனில் ஆலோசனை என்றால் லயத்து வீட்டில் எங்கே உட்கார்ந்து பேசுவது?

பலகைச் சுவரைத் தாண்டி எல்லாம் கேட்கும். நிறுத்திய காடிக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு. பந்துத் திடலின் மறுகோடி. வேலையிடத்தில் சாப்பாட்டு நேரம் ஆகியவைதான் வழக்கமாகச் சரிப்படும் இடங்கள். இரண்டு காதிலும் இயர்போன் மாட்டினால் ஆலோசகர் குரல் வெளியே வராது. நீங்கள் பேச முடியாதபோது எழுதி அனுப்பலாம். யாராவது வந்துவிட்டால் சொல்ல ஒரு வாக்கியத்தை முதல் நாளே பேசிவையுங்கள். "சரி, அரிசி வாங்கிட்டு வந்துடறேன்" என்றால் ஆலோசகர் புரிந்துகொண்டு வைத்துவிடுவார், பிறகு அவராகக் கூப்பிடமாட்டார். வாட்சாப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற பகுதியை மாதம் ஒரு முறை திறந்து, தெரியாத கணினி இருந்தால் வெளியேற்றுங்கள். அறிவிப்பில் செய்தி தெரியாதபடி வைத்து, ஆலோசகர் எண்ணை வேறொரு பெயரில் சேமியுங்கள். மோட்டார் வொர்க்‌ஷாப் பெயரைப் பலர் வைத்திருக்கிறார்கள், அண்ணன் அதே கடைக்குப் போகிறவராக இல்லாவிட்டால் சரி.